பாளைத் தொட்டியில் தாழ்ந்த முட்டை

திருப்புறத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸை விட்டு இறங்குகிறவன் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. செருப்புகளைப் பார்த்துக்கொண்டே நடந்தால் போதும். முதலில் ஓரத்தில் இரண்டு கிடக்கும், பிறகு பத்து கிடக்கும். எங்கே குவிந்து கிடக்கிறதோ அங்கேதான் வினீத் ஆசானின் மெயில் சாந்தி நிலையம்.

எலும்பு முறிவுக்கு இந்த நாட்டில் ஆசான் உண்டு. வர்மத்துக்கு உண்டு. விஷக்கடிக்கு உண்டு. மெயிலுக்கு மட்டும் ஆசான் இல்லாமல் ஜனங்கள் தவித்துக் கிடந்தார்கள். அந்தத் தவிப்பைத் தீர்க்கத்தான் வினீத் அவதரித்தார். அதற்கு முன்பு அவர் அமரவிளையில் சாலையோரம் குடை விரித்து சிம் கார்டு விற்றுக்கொண்டிருந்தார். பிறகு தாடி வளர்ந்தது. தாடி வளர அறிவு வேண்டாம், சும்மா இருந்தால் போதும்.

வந்து நிற்கிறவர்கள் எல்லாம் வியாபாரிகள். சிப்ஸ் ஏற்றுமதிக்காரர், டைல்ஸ் கடைக்காரர், கல்யாண மண்டபக்காரர், கள்ளிக்காட்டில் இருந்து தேன் வியாபாரி. எல்லோருக்கும் ஒரே நோய். மெயில் அனுப்புகிறார்கள், பதில் வருவதில்லை. மெயில் போகாமல் இல்லை, போகிறது. ஆனால் வாங்குகிறவனின் கண்ணில் படும் பெட்டிக்குப் போகாமல் ஸ்பேம் என்ற குப்பைக்குழியில் போய் விழுகிறது.

ஏன் விழுகிறது? ஆசான் கண்டுபிடித்துச் சொன்னார். கூடோத்திரம்! பகையாளி உங்கள் பறம்பில், அதாவது வீட்டு மனையில், முட்டையில் மந்திரம் எழுதிப் புதைத்துவிட்டான். முன்பெல்லாம் கூடோத்திரம் வைத்தால் பசு பால் வற்றும், பெண்ணுக்கு வரன் தட்டும். காலம் முன்னேறிவிட்டது. இப்போது கொட்டேஷன் ஸ்பேமுக்குப் போகிறது.

அந்த வரிசையில் ராபின்சனும் நின்றார்.

ராபின்சன் சபைக்காரர். தவறாமல் ஆராதனைக்குப் போகிறவர். மந்திரவாதம் பாவம் என்று அறிந்தவர். அதனால்தான் ஆராதனை முடிந்த பிறகு வந்தார். இளமையில் லாரியில் லோடு ஏற்றியவர். அரிசியும் தேங்காயும் சுமந்து சுமந்து கழுத்துக்குப் பின்னால் கட்டிப்போன தோல் இன்றும் காய்ந்த கமுகம்பாளை மாதிரிதான் இருக்கும். இப்போது அதே பாளையை, பாக்கு மட்டையை, வைத்து அமரவிளையில் ஒரு யூனிட் நடத்துகிறார். பாளையைத் தொட்டியில் ஊறப்போட்டு, கழுவி, சூடான அச்சில் அமுக்கினால் தட்டு. ஒருதடவை சாப்பிட்டுவிட்டு எறிகிற தட்டு. நாம் வாழையிலையில் சாப்பிட்டு எறிந்தால் பட்டிக்காடு, வெளிநாட்டு ஓட்டலில் பாளையில் சாப்பிட்டு எறிந்தால் நாகரிகம். போகட்டும், அச்சு ஓடுகிறது.

அச்சு ஓடுவது மஸ்கட்டில் உள்ள ஒரு கம்பெனியின் வருடாந்தர ஆர்டரால். போன வருடம் ராபின்சன் அனுப்பிய கொட்டேஷன் அங்கே ஸ்பேமில் கிடந்து மக்கிப்போனது. ஆர்டர் வேறு யாருக்கோ போனது. பாதி அச்சுகள் துணி மூடிக் கிடந்தன. அச்சில் நின்ற பெண்களில் சிலர் பழையபடி செங்கல் சூளைக்குப் போனார்கள். இந்த வருடம் மறுபடியும் கேட்டிருக்கிறார்கள். கெடுவுக்கு இன்னும் பத்து நாள்தான். அதுவும் தவறினால் மீதி அச்சுக்கும் துணிதான், மீதிப் பெண்களுக்கும் சூளைதான். ராபின்சனுக்கு உறக்கம் போனது. உறக்கம் போன மனுஷனின் வாசலில்தான் ஆசான்மார் வந்து விளக்குப் பிடிப்பார்கள்.

யூனிட்டில் ஆபீஸ் வேலை பார்க்கிற ஷீஜா அவர் ஆசானிடம் போகும் முன்பே சொன்னாள்.

"அண்ணே, இது நம்ம மெயில் விலாசத்துக்க டொமைன்ல உள்ள குறையாக்கும். சரிபண்ணச் சொல்லி கேப்போம்."

"நீ சும்மா இரி பிள்ளே. தாணுமாலயனுக்க சிப்ஸ் மெயிலு ஆசான் கைவெச்ச பிறகு பாய்ஞ்சு போவுதாம். அவனே சொன்னான்."

"பாய்ஞ்சு எங்க போவுதாம்?"

"ஆசானுக்க பெட்டிக்கு."

"ஆசான் சிப்ஸ் வாங்குயாரா?"

இப்படிப்பட்ட கேள்விக்குப் பதில் சொல்லத் தொடங்கினால் பக்தி நிலைக்காது.

ஆசானின் அறையில் குத்துவிளக்கு. அதற்கு முன்னால் மடிக்கணினி. அதற்கும் சந்தனப்பொட்டு. ஆசான் சோழிகளைக் கையில் குலுக்கி விசைப்பலகையின் மேல் உருட்டினார். ஒரு சோழி எண்டர் பொத்தானில் போய் நின்றது. கூட்டம் பெருமூச்சு விட்டது. எதற்கு என்று கூட்டத்துக்கே தெரியாது.

"ராபின்சன் சார் அல்லே? நீங்க முன்பதிவு மெயில் விட்டிருந்தீங்க."

"ஆமா ஆசானே. உங்களுக்க ஆளு ஜிபின் சொன்னான், மெயில்ல புக் செய்தாத்தான் பார்ப்பீங்கன்னு."

"இப்ப ஒரு மெயில் எனக்கு விடுங்க. கம்பெனி விலாசத்துல இருந்து."

ராபின்சன் கைபேசியைத் தட்டி அனுப்பினார். ஆசான் தன் கைபேசியைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினார். மெயில் நேராக ஸ்பேமில் கிடந்தது.

"கண்டீங்களா! கன்னிமூலையில முட்டை கிடக்குது. நனைவுள்ள இடம். பக்கத்துல தண்ணீர் உண்டோ?"

"உண்டு ஆசானே! பாளை ஊறப்போடுத தொட்டி!" ராபின்சனுக்கு உடம்பு புல்லரித்தது. பாளைத்தட்டு யூனிட்டில் தண்ணீர்த் தொட்டி இருப்பதை ஞானதிருஷ்டி இல்லாமல் எப்படி அறிய முடியும்?

"ஒண்ணும் பேடிக்கண்டா, பயம் வேண்டாம். நான் எடுத்துத் தாறேன்."

"ஆசானே, நான் சபைக்காரன்..."

"அதுக்கென்ன? உங்களுக்கு மந்திரத்தை மெல்லச் சொல்லிக்கிடலாம்."

எவ்வளவு பெரிய மனசு! காணிக்கையை மட்டும் எல்லா மதத்துக்கும் ஒரே அளவில் வைத்திருந்தார்.

மறுநாளே ஆசான் யூனிட்டுக்கு எழுந்தருளினார். ஜிபின் முந்திய சாயங்காலமே வந்து 'இடம் பார்த்துவிட்டு'ப் போயிருந்தான். தொட்டியின் பக்கத்தில் ஆசான் ஒரு குச்சியை ஊன்றினார். ஜிபின் தோண்டினான். முட்டை வந்தது. அதன் மேல் சிவப்பு மையில் வட்டமும் முக்கோணமும், நடுவில் மெயில் விலாசத்தில் வருகிற அந்தச் சுழி. பெண்கள் அச்சை விட்டு ஓடிவந்து வாயில் கை வைத்தார்கள். ஆசான் முட்டையைப் பட்டில் பொதிந்தார்.

"மூணு வருஷமாட்டு இங்க கிடக்குது. இதை நெய்யாற்றில ஒழுக்கினாத்தான் சாந்தி."

பிறகு ராபின்சனைக் கொண்டு ஒரு மெயில் அனுப்ப வைத்தார். ஆசானின் கைபேசியில் அது இன்பாக்ஸில் போய் உட்கார்ந்தது. ராபின்சனின் கண் நிறைந்தது. அந்தச் சூட்டிலேயே மஸ்கட்டுக்குக் கொட்டேஷனை அனுப்பினார்.

ஒரு பதிலும் இல்லை.

வியாழக்கிழமை ஷீஜாவே மஸ்கட் கம்பெனியில் வாங்கும் பிரிவைப் பார்க்கிற அபிலாஷைக் கைபேசியில் கூப்பிட்டாள். ஆள் கொல்லத்துக்காரர்.

"எங்களுக்க மெயில் கிட்டியோ சாரே?"

"இல்லல்லோ" என்றார். பிறகு தேடினார். "ஆ, ஸ்பேமில கிடக்குந்நு. ஸ்பேமில உள்ளது கம்பெனி எடுக்கில்ல, கெடுவுக்கு முன்ன வேறொண்ணு விடணும்."

கைபேசி ஸ்பீக்கரில் இருந்தது. ராபின்சன் நாற்காலியில் உட்கார்ந்தார். நெய்யாற்றில் ஒழுக்கிய முட்டை அரபிக்கடல் வழியாக மஸ்கட்டுக்கு நீந்திப் போய்விட்டதோ என்று அவர் பயந்தது போலிருந்தது.

அபிலாஷ் தன் பெட்டியில் அந்த மெயிலின் மூல விவரத்தைத் திறந்து படம் எடுத்து அனுப்பினார். அதில் 'எஸ்.பி.எஃப். தோல்வி' என்று அச்சடித்தாற்போல் இருந்தது. ஷீஜா அதை ராபின்சனின் மூக்குக்கு முன்னால் நீட்டினாள்.

"அண்ணே, நீங்க லாரியில போனவருல்லா? நம்ம செக்போஸ்ட்ல சரக்கு லாரி வந்தா முதல்ல என்ன கேப்பான்?"

"பாஸ் கேப்பான்."

"பாஸ்ல உள்ள லாரி நம்பர் ஒண்ணு, வந்து நிக்குத லாரி நம்பர் வேற ஒண்ணுன்னா?"

"ஓரத்துல ஒதுக்கிப் போடுவான். அதுல என்ன சந்தேகம்?"

"அதாக்கும் நமக்கும் நடந்தது. நமக்கு வேண்டி யாரு மெயில் கொண்டுபோலாம்னு நம்ம டொமைனுக்க கீழ ஒரு பாஸ் எழுதி வைக்கணும். எஸ்.பி.எஃப்.னு பேரு. வாங்குதவன் மெயிலு வந்த உடனே அதை எடுத்துப் பாப்பான். நாம முன்ன ஒரு கம்பெனிக்க சர்வர்ல விட்டுட்டு இருந்தோம். பாஸ்ல அவனுக்க பேரு உண்டு. பிறகு பில்லடிக்க புது சாஃப்ட்வேர் வாங்கினோம். இப்ப மெயிலெல்லாம் அதுக்க சர்வர்ல இருந்து போவுது. பாஸ் யாரு மாத்தினா?"

ராபின்சன் நாற்காலியில் நிமிர்ந்தார்.

"லாரி புதுசு, பாஸ் பழசு" என்றார் மெல்ல.

"அது மட்டுமில்ல. சரக்குக்கு மேல முத்திரை வைப்பாங்கல்லா, வழியில யாரும் கட்டை அவுக்கலன்னு காட்ட? அதுவும் நம்மகிட்ட இல்ல. டி.கிம்னு பேரு. மூணாவது டிமார்க். நம்ம பேரைச் சொல்லிட்டு பாஸும் இல்லாம முத்திரையும் இல்லாம ஒருத்தன் வந்தா விடணுமா, ஒதுக்கணுமா, திருப்பி அனுப்பணுமான்னு நாமளே செக்போஸ்டுக்கு எழுதிக் குடுக்க உத்தரவு. யாரெல்லாம் நம்ம பேருல வந்தான்னு அவனும் நமக்குத் தகவல் தருவான். மூணையும் எழுத சாஃப்ட்வேர்காரன் விவரம் தந்துட்டான். டொமைன் வித்தவனுக்க வெப் பக்கத்துல போயி ஒட்டினாப் போதும்."

"இதை நீ ஏன் முதல்லயே சொல்லல?"

"சொன்னேன். சும்மா இரி பிள்ளேன்னியள்."

ராபின்சன் தலையைச் சொறிந்தார். விஷயம் புரிந்துவிட்டது. ஆனால் புரிந்த உடனே பயம் போய்விடுமா? வைத்தியரிடம் மருந்தையும் வாங்கிக்கொண்டு, மந்திரவாதியிடம் கயிற்றையும் கட்டிக்கொள்கிற ரத்தம் அல்லவா.

"நீ அதை எழுது மக்கா. ஆனா பதிலே இல்லன்னு நேத்தே ஆசானுக்கும் சொல்லிட்டேன். இரட்டைக் கூடோத்திரமாம். இன்னொரு முட்டை கிடக்குதாம். ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் கூட்டி எடுக்கப் போறாரு."

"வரட்டும்" என்றாள் ஷீஜா. "ஆனா முட்டை எடுக்கதுக்கு முன்ன நான் ஒரு மெயில் விடுவேன். அதுக்கு சம்மதிக்கணும்."

"மெயில் விட்டா என்ன? விடு."

அன்றே அவள் மூன்றையும் எழுதி வைத்தாள். எழுதும் முன்பு அச்சில் நிற்கிற பெண்களின் கைபேசிக்கெல்லாம் ஒரு மெயில் அனுப்பினாள். எல்லாருக்கும் ஸ்பேமில் விழுந்தது. "அதைத் தொடாதீங்க, அப்படியே கிடக்கட்டும்" என்று மட்டும் சொல்லிவைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை யூனிட் முற்றம் கொள்ளவில்லை. தாணுமாலயன் தன் கடைச் சிப்ஸைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து, பக்தியோடு பக்தியாக விற்கவும் செய்தார். மண்டபக்காரர் நாற்காலி கொடுத்திருந்தார். ஒருவன் எல்லாவற்றையும் நேரலையில் விட்டுக்கொண்டிருந்தான். ஆசான் காவி வேட்டி, கறுப்புக் கண்ணாடி. ஜிபின் கையில் மண்வெட்டி.

ஷீஜா முன்னால் வந்தாள்.

"ஆசானே, ஒரு சம்சயம். முட்டை இப்பவும் மண்ணுக்குள்ளதானே?"

"உண்டு! அதுக்க உஷ்ணம் எனக்கு உள்ளங்காலில கிட்டுது."

"அது கிடக்கவரைக்கும் மெயில் உள்ள போவாது?"

"சத்தியமா போவாது! போச்சுன்னா இந்தத் தாடியை மழிக்கிறேன்!"

"எல்லாரும் கேட்டியளா?" என்றாள் ஷீஜா. கேட்டார்கள். நேரலையும் கேட்டது.

ஷீஜா ஆபீசுக்குள் போய் ஒரு மெயிலைத் தட்டிவிட்டு வந்தாள். அச்சுப் பெண்களுக்கு, தாணுமாலயனுக்கு, மண்டபக்காரருக்கு, ஆசானுக்கும் ஒன்று. முற்றத்தில் ஒவ்வொரு கைபேசியாகக் கிணுங்கியது.

"எனக்கு உள்ள வந்துட்டு!" என்றாள் அச்சில் நிற்கிற ஜிஜா. "வியாழக்கிழமை விட்டது குழியில கிடக்குது. இது இன்பாக்ஸ்லயாக்கும்!"

"எனக்கும்."

"இந்தா, எனக்கும்."

தாணுமாலயன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். அவருக்கும் இன்பாக்ஸ்தான். வாயில் போட்ட சிப்ஸ் மெல்லப்படாமல் நின்றது.

கூட்டம் ஆசானைப் பார்த்தது. ஆசான் சிரித்தார். தன் கைபேசியைத் தூக்கிப் பிடித்தார்.

"என்னத்தைக் கண்டு சந்தோஷப்படுறீங்க? இதைப் பாருங்க! என் பெட்டியில ஸ்பேம்! தோஷம் உள்ளவனுக்கு தோஷம் தெரியாது. சித்தி உள்ளவனுக்குத்தான் தெரியும்!"

அப்பா! கூட்டத்தில் பாதிப்பேர் அந்த நிமிஷமே மறுபடியும் கைகூப்பிவிட்டார்கள். ஊர் முழுக்க வெயில் அடிக்கும்போது ஒருவன் மட்டும் நனைந்து வந்தால், மழை பெய்கிறது என்று நம்ப நம்மவர்களுக்கு எப்போதும் மனம் உண்டு. அவன் குளத்தில் விழுந்தானா என்று கேட்கத்தான் மனம் வராது.

ஷீஜா கேட்டாள்.

"எல்லாருக்க போன்லயும் உள்ள வருது, உங்களுக்க போன்ல மட்டும் குழியில போவுது. அப்போ கூடோத்திரம் உங்களுக்க போன்லயாக்கும் ஆசானே! அதைத் திறந்து காட்டும்."

"பெண்ணுங்க தொடப்பிடாது."

"நான் தொடல. தாணு அண்ணாச்சி தொடட்டும். அவரு உங்களுக்க முதல் சீடன்."

தாணுமாலயன் பக்தியோடு இரு கையாலும் கைபேசியை வாங்கினார். ஆசான் விடுவதற்குக் கொஞ்சம் தயங்கினார். நேரலைக்காரன் கேமராவை நெருங்கிக் கொண்டுவந்தான். விட்டார். தாணுமாலயன் மெயிலைத் திறந்தார். தலைப்புக்குக் கீழே இருந்ததை எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தார்.

"இந்த அனுப்புநரை... நீங்கள்... தடுத்துள்ளீர்கள்."

நேரலைக்காரன் அந்த வரியைக் கேமராவில் பிடித்தான்.

"தடுத்துன்னா?" என்று கேட்டார் மண்டபக்காரர்.

"பிளாக்" என்றாள் ஷீஜா. "தொல்லை பண்ணுதவனை நாம பிளாக் பண்ணுவோம்லா? பிளாக் பண்ணினா அவன் எதை விட்டாலும் ஸ்பேமுக்குத்தான் போவும். முன்பதிவை மெயில்ல கேக்குததே நம்ம விலாசம் கிட்டத்தான். கிட்டின உடனே பிளாக். பூசை முடிஞ்சா பிளாக்கை எடுத்துட்டு, இந்த விலாசம் ஸ்பேம் இல்லன்னும் அமுக்கிவிடுவாரு; மறுபூசை வேணும்னா மறுபடியும் பிளாக். அண்ணே, உங்களுக்க முன்பதிவு மெயில் அவருக்குக் கிட்டிச்சுல்லா? கூடோத்திரம் இருக்கும்போ அது மட்டும் எப்படி கிட்டிச்சுன்னு நீங்க கேட்டியளா?"

ராபின்சன் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. வரிசையில் நின்றவர்கள் எல்லாம் ஒவ்வொரு பைசாவுக்கும் கணக்குக் கேட்கிற வியாபாரிகள்.

ஆசானின் கழுத்தில் வியர்வை இறங்கியது. ஆனாலும் ஆள் லேசுப்பட்டவர் இல்லை.

"எலே ஜிபின், தோண்டு! முட்டை வரும். அப்ப தெரியும் இவளுக்கு!"

ஜிபின் தோண்டினான். முட்டை வந்தது. வராமல் எங்கே போகும்? வைத்த இடத்தில்தான் இருக்கும். வட்டம், முக்கோணம், சுழி. கூட்டத்தில் மறுபடியும் ஒரு முனகல். ஆசானுக்கு உயிர் திரும்பியது.

"கண்டீங்களா! மூணு வருஷம்! மூணு வருஷமாட்டு மண்ணில கிடக்குத முட்டை!"

பட்டுத்துணி வருவதற்குள் ஜிஜா கையை நீட்டி முட்டையை எடுத்துவிட்டாள். பாளை அமுக்கிக் காய்த்த கை. தீயைத் தொட்டால்கூட அந்தக் கை பதறாது, முட்டைக்கா பதறப்போகிறது.

"மூணு வருஷம் கிடந்த முட்டைன்னா கெட்டுப்போன முட்டையாக்கும். கெட்ட முட்டை தண்ணியில மிதக்கும். இல்லியா ஆசானே?"

அடுப்படியில் கால் வைத்த எவளுக்கும் தெரிந்த விஷயம். ஆசான் அடுப்படிக்குப் போனதில்லை. "மிதக்கும்" என்று தலையாட்டிவிட்டார்.

ஜிஜா முட்டையைப் பாளைத் தொட்டியில் போட்டாள்.

முட்டை நேராக அடியில் போய்ப் படுத்தது. உறங்குகிற குழந்தை மாதிரி.

பெண்களில் ஒருத்தி முதலில் சிரித்தாள். பிறகு எல்லாரும். சிரிப்பு ஆண்கள் பக்கம் போகக் கொஞ்சம் நேரமானது. ஆண்களுக்குக் காணிக்கை கொடுத்த ஞாபகம் இடையில் வந்துவிட்டது. ஷீஜா முட்டையை எடுத்துத் தொட்டியின் விளிம்பில் தட்டி ஒரு பாளைத் தட்டில் உடைத்தாள். மஞ்சள் கரு, நல்ல வட்டமாக, காலையில் இட்ட முட்டை போல நின்றது.

"ஜிபினே" என்றார் ராபின்சன். லோடு ஏற்றிய காலத்துக் குரல் அது. "எப்ப வெச்சே?"

"நேத்து சாயங்காலம்" என்றான் ஜிபின். மண்வெட்டியைக் கீழே போட்டான். "எனக்கு இன்னும் இந்த மாச சம்பளம் தரல அண்ணாச்சி."

ஆசான் போகும்போது யாரும் வழி மறிக்கவில்லை. செருப்பு மட்டும் கிடைக்கவில்லை. வெறுங்காலோடு நடந்தார். உள்ளங்காலில் உஷ்ணம் இப்போது உண்மையாகவே கிட்டியிருக்கும், நல்ல வெயில். தாடி விஷயத்தை நேரலை பார்த்தவர்கள் நினைவுபடுத்திக்கொண்டே இருந்தார்கள். சில நாளில் அவர் ஊரை விட்டுப் போனதாகக் கேள்வி. மழித்தாரா தெரியாது. எப்படியும் திரும்ப முளைக்கும்.

அன்று மத்தியானம் மஸ்கட்டுக்குக் கொட்டேஷன் மறுபடியும் போனது. அங்கே ஞாயிறு வேலைநாள். சாயங்காலம் அபிலாஷ் கூப்பிட்டார். "கிட்டி. இன்பாக்ஸில தன்னே. விலை கொஞ்சம் கூடுதலல்லே ராபின்சன் சாரே?"

விலை அதிகம் என்று யாராவது சொன்னால் இத்தனை சந்தோஷப்படுகிற மனுஷனை ஷீஜா அதுவரை பார்த்ததில்லை. பேரம் பேசி, கொஞ்சம் இறங்கி, ஆர்டர் உறுதியானது. மூடிக் கிடந்த அச்சுகளின் துணியை ஜிஜாவே உருவி எறிந்தாள். சூளைக்குப் போனவர்களைத் திரும்பி வரச் சொல்லிவிட்டார்கள்.

"அண்ணே, ஒண்ணு சொல்லுயேன்" என்றாள் ஷீஜா. "பாஸும் முத்திரையும் இருக்குன்னு சொல்லி கண்டதையும் ஏத்தப்பிடாது. போன கிறிஸ்மஸுக்கு ஊரு பேரு தெரியாத ஆளுகளுக்கெல்லாம் வாழ்த்து விட்டியளே, அவங்க குப்பைன்னு அமுக்கிவிட்டா மறுபடியும் குழிதான். அழுகின சரக்குக்குப் பாஸ் இருந்தும் காரியமில்ல."

"இனி இல்ல மக்கா" என்றார் ராபின்சன்.

அந்த வாரம் தாணுமாலயன் யூனிட்டுக்கு வந்தார். முகத்தில் வெட்கம் இருந்தது, கையில் சிப்ஸ் இருந்தது. அவருடைய மெயில்களும் இத்தனை நாளாக ஆசானின் பெட்டிக்கு மட்டும்தான் பாய்ந்து போயிருக்கின்றன. ஷீஜா அவருடைய டொமைனையும் பார்த்தாள். பாஸ் என்று ஒன்று எழுதப்படவே இல்லை. எழுதித் தருகிறேன் என்றாள். தாணுமாலயன் குரலைத் தாழ்த்திக்கொண்டு ராபின்சனிடம் கேட்டார்:

"செரி ராபின்சா, இந்த எஸ்.பி.எஃப். எழுத நல்ல நாள் எது? செவ்வாய் ஆவுமா?"

ராபின்சன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"எலே தாணு, அந்தக் காலத்துல செக்போஸ்ட்ல லாரியைப் பிடிச்சுப் போட்டப்போ நீயும்தான் என்கூட நின்னே. பாஸ் எங்கேன்னு தேடினோமா, டயருக்குக் கீழ முட்டை எங்கேன்னு தேடினோமா? அன்னைக்கு அரைவயிறு கஞ்சி குடிச்சிட்டு நமக்கு இருந்த புத்தி, இன்னைக்கு ஏசி ரூம்ல இருக்கும்போ எங்கலே போச்சு? முதல்ல அதைத் தோண்டி எடு. பிறகு வா, நாள் பாப்போம்."